கோட்டுக் கையில் நான்கு விரல்கள்

தொம்மலூரில் எங்கள் ஆபீஸ் ஒரு பழைய வீட்டில் இருந்தது. முன்கூடத்தில் முதலாளி ரங்கநாதன், நடு அறையில் ஸ்கேனரோடு கேத்தரின், பின்னால் சமையல்கட்டில் நான். அடுப்பு மேடையை இடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். அதன் மேல்தான் என் கம்ப்யூட்டர். சுவரில் புகைக் கறை கூரைவரை ஏறியிருந்தது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் ஒரு வாரத்தில் பிசுக்கு மேலே வந்துவிட்டது. தப்பித்தவறிக் கை பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. அந்த மேடையில் நான் ஒருநாளும் சாப்பாட்டு டப்பாவை வைத்ததில்லை.

ரங்கநாதன் நடத்தியது கல்யாணத் தகவல் நிலையம். இருபது வருடமாகப் பெண், மாப்பிள்ளை போட்டோக்களைக் கவரில் போட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவருக்கு, 2001-இல் இன்டர்நெட் ஆசை வந்தது. ஸ்கேனரிலிருந்து வரும் படங்கள் ஒவ்வொன்றும் பூதாகாரமாக இருந்தன. டெலிபோன் லைனில் ஒரு படம் இறங்குவதற்குள் பெண்ணுக்கு வயதாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் நூற்றைம்பது புள்ளி அகலம், இருநூறு புள்ளி உயரம் என்று சுருக்கி, ஜேபெக் படமாக மாற்ற ஒரு புரோகிராம் எழுதினேன். பட்டன், அலங்காரம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் படத்தின் பெயர், பழைய அளவு, புதிய அளவு மூன்றையும் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போகும். புதிதாக ஒரே ஒரு படம் சேர்ந்தாலும் மொத்த ஃபோல்டரையும் முதலிலிருந்து ஓட்டும். சோம்பேறித்தனமாக அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் எனக்கு அதில் கர்வம்தான்.

"ஹரி, பொண்ணுங்க படம் மட்டும் ஸ்வல்ப லைட்டா வர்ற மாதிரி ஒரு வசதி பண்ணிடப்பா," என்றார் ரங்கநாதன். கன்னடம் கலக்காமல் அவருக்குப் பேச வராது.

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னு கேக்குறியே குரு! கறுப்பா இருந்தா எவன் திறந்து பார்ப்பான்?"

என் அக்கா மங்களம் கறுப்பு. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. திருப்பத்தூரில் அப்பா அம்மா போன பிறகு அந்த வேலையில் நின்றுகொண்டேதான் என்னைப் படிக்கவைத்தாள். முப்பத்திரண்டு வயதாகியும் அவளுக்கு வரன் அமையவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுப் போனார்கள். அப்படியிருந்தும் ரங்கநாதன் கேட்ட வசதியை நான் செய்துகொடுத்தேன். ஒரு எண்ணைத் தட்டினால் அதற்கேற்ப முகம் வெளுக்கும். செய்துமுடித்த அன்று எனக்கே என்மேல் குமட்டியது.

உத்தமன் வந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு. முப்பத்தாறு வயதிருக்கும். ஓசூர் ரோட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வாயில் குட்கா. பேசும்போது உதட்டோரம் சிவப்பு நுரை திரண்டு நிற்கும், அதை நாக்கால் உள்ளே இழுத்துக்கொள்வார். கேத்தரின் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். ஜீவனஹள்ளிக்காரி. எதற்கும் முகம் சுளிக்காதவள் அன்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கோட்டு சூட்டு போட்டது இது ஒண்ணுதான் சார். இதையே போட்டுடுங்க," என்று ஒரு படத்தை நீட்டினார்.

கல்யாண ரிசப்ஷன் படம். இடது பக்கம் சாம்பல் கோட்டில் அவர். வலது பக்கம் ரோஜா நிறப் பட்டில் ஒரு பெண். சின்ன முகம், சிவப்புக் கல் மூக்குத்தி. சிரிக்கச் சொன்னதற்காகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் சொல்லிக்கொடுத்திருப்பார் போல, உத்தமனின் முழங்கை மடிப்பில் கையைக் கோத்திருந்தாள். சாம்பல் கோட்டின் மேல் மருதாணி வைத்த நான்கு விரல்கள்.

"இவங்க?" என்று கேட்டேன்.

"ஒத்துவரல சார். டைவர்ஸ். அவ பாதியைத் தூக்கிடுங்க. எங்கயும் இருக்கக்கூடாது."

கேத்தரின் ஸ்கேன் செய்து தந்தாள். என் புரோகிராமில் வெட்டும் வசதியும் உண்டு. எந்த இடம் என்று எண்ணைக் கொடுத்தால் அதற்கு வலது பக்கம் இருப்பதைக் கழித்துவிடும். வெட்டினேன். பெண் போய்விட்டாள், விரல்கள் மட்டும் கோட்டில் தங்கின. கோட்டின் நிறத்தையே எடுத்து அவற்றின் மேல் பூசினேன். அதை மூலப் படத்தின் மேலேயே பதிவும் செய்தேன். டிஸ்க் நிரம்பிவிடும் என்று எதையும் இரண்டு காப்பி வைக்க ரங்கநாதன் விடமாட்டார். ஆகவே அந்தப் பெண் எங்கள் கம்ப்யூட்டரில் எங்கும் இல்லை. இதை நான் சூடம் அணைத்துச் சொல்வேன்.

"அழிச்சாச்சா?" என்றார் உத்தமன்.

"அழிச்சாச்சு சார்."

அவர் போட்டோவைத் திரும்ப வாங்கி நடுவில் கிழித்தார். தன் பாதியைப் பையில் வைத்தார். அவள் பாதியை உள்ளங்கையில் விரித்து, வாயிலிருந்த குட்காவை முழுவதும் அதில் துப்பி, மடித்து, என் மேடைக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கூடையை அன்று நாங்கள் யாரும் தொடவில்லை. மறுநாள் காலை பார்த்தால் காகிதம் பிரிந்து கிடந்தது. சிவப்புச் சக்கையின் மேல் எறும்பு மொய்த்தது.

அன்றைக்கே ரங்கநாதன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உன் அக்காவுக்கு இந்த உத்தமனைப் பார்க்கலாமே ஹரி. ரெண்டாம் தாரம்தான். ஆனா குழந்தை குட்டி இல்ல. கலரைப் பத்தியும் அவங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்."

குட்காவும் நுரையும் கண்முன் வந்தன. ஆனாலும் சரி என்றேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அலுத்துப்போயிருந்தது. அக்காவைக் கரையேற்றாமல் நான் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. யாராவது வந்து கட்டிக்கொண்டு போனால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். புதன்கிழமை அந்தச் சுருக்கிய படத்தை அச்செடுத்து, கவரில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவள் பார்த்தாள். "கோட்டு நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது.

வியாழக்கிழமை புதிய படங்கள் சேர்ந்தன. மொத்த ஃபோல்டரையும் ஓட்டினேன். நூற்றைம்பது, நூற்றைம்பது, நூற்றைம்பது என்று வரிகள் ஓடின. நடுவில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

உத்தமன், நூற்று ஐம்பத்து நான்கு.

படத்தைத் திறந்தேன். கோட்டின் மடிப்பில் நான்கு விரல்கள் இருந்தன.

நான் சரியாகப் பூசவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி பூசினேன், மறுபடி பதிவு செய்தேன். அளவு ஏன் மாறியது என்று புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். அதில் ஒரு தவறும் இல்லை. மற்ற முந்நூறு படங்களும் ஒழுங்காகத்தான் வந்திருந்தன.

வெள்ளிக்கிழமை நூற்று அறுபத்து மூன்று.

இப்போது மணிக்கட்டும் வந்திருந்தது. அதில் மூன்று கண்ணாடி வளையல். ஆனால் மருதாணியைக் காணோம். விரல்கள் கறுத்து, நுனி சுருங்கியிருந்தன. வளையல் சதைக்குள் இறங்கி, சுற்றிலும் தோல் பொங்கி நின்றது. பின்பக்கம் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

திரும்பி வந்தபோது திரைக் கண்ணாடியில் மெல்லிய பிசுக்கு படிந்திருந்தது. துடைத்தேன். கைக்குட்டை கறுப்பானது.

சனிக்கிழமை மதியம் கேத்தரின் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஹரி, மண்ணெண்ணெ வாசனை அடிக்கல உனக்கு?"

"பக்கத்து வீட்ல ஸ்டவ் பத்தவைக்கிறாங்க போல."

"இந்த வரிசையில எல்லாரும் கேஸுப்பா," என்றாள்.

எனக்கும் அடித்தது. மண்ணெண்ணெய் மட்டுமா? அதற்கடியில் முடி பொசுங்கும் நாற்றம், அதற்கும் அடியில் இனிப்பாக இன்னொன்று. கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த விசிறி அதைச் சூடாக என் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவே ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் எடுத்தேன். சுருண்டு கருகிய ஒரு முடிக் கற்றை. விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

திரையில் உத்தமனின் வரி நூற்றுத் தொண்ணூறு என்றது.

படத்தில் அவருக்குப் பக்கத்தில் இருட்டாக ஒரு பட்டை இருந்தது. வெறும் கறுப்பு. பின்னணியாக இருக்கும் என்று பட்டது. நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று, ரங்கநாதன் கேட்டு வாங்கிய அந்த வெளுக்கும் வசதியைப் போட்டேன். முதலில் இருபது.

கறுப்பு, பழுப்பாக மாறியது.

நாற்பது.

பழுப்பில் மேடும் பள்ளமும் தெரிந்தன.

அறுபது.

அது பின்னணி இல்லை.

அது கன்னம்.

தோல் கொப்புளித்து வெடித்து, பட்டுப் புடவை உருகிக் கழுத்தோடு ஒட்டியிருந்தது. உதடு இல்லை. பல் மட்டும் இருந்தது, அன்று சிரிக்கச் சொன்னதற்காகக் காட்டிய அதே பல். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் சிவப்புக் கல் ஒன்று பதிந்து மின்னியது. உத்தமனின் கண்கள் கேமராவைப் பார்த்தன. அவள் கண் கேமராவைப் பார்க்கவில்லை. நாற்காலியில் நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என்னைப் பார்த்தது.

"ஏசப்பா," என்றாள் கேத்தரின், என் தோளுக்குப் பின்னாலிருந்து. "அந்தப் பொண்ணுப்பா இது. நான்தானே ஸ்கேன் பண்ணேன். அந்த மூக்குத்தி..."

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

"உன் அக்காகிட்ட சொல்லுப்பா. இன்னிக்கே சொல்லிடு."

"என்னன்னு சொல்றது? கம்ப்யூட்டர்ல பேய் வந்துச்சுன்னா? நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. ப்ளீஸ்."

கேத்தரின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த ஆபீஸுக்கு வரவே இல்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். டிஸ்க் கெட்டிருக்கும், ஸ்கேனர் கண்ணாடியில் அழுக்கு இருந்திருக்கும், தூக்கமில்லாமல் ஏதோ பார்த்திருப்பேன். வீட்டுக்குள் போனபோது அக்கா பச்சைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "இது நல்லாருக்குமாடா, இல்ல அந்த நீலமா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

"பச்சை," என்றேன். முப்பத்திரண்டு வயது மனுஷியை, என்னை ஆளாக்கியவளை, வாய் திறக்காமல் அந்த ஆளிடம் தள்ளிவிட நான் தயாராக இருந்தேன். இதை எழுதும்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு உத்தமனும் அவர் அம்மா சொர்ணமும் வந்தார்கள். ஒரு தட்டில் பூ, பழம், ஸ்வீட் பெட்டி. வந்ததும் வராததுமாக உத்தமன் எங்கள் சமையலறைக்குள் போய், பாத்திரம் கழுவும் தொட்டியில் குட்காவைத் துப்பி வாய் கொப்பளித்தார். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களின் மேல் சிவப்பாகத் தெறித்தது. அக்கா அதைப் பார்த்தாள். டம்ளர்களை மறுபடி கழுவினாள்.

"பொண்ணு கொஞ்சம் மாநிறம்னு சொன்னாங்க," என்றார் சொர்ணம் என்னிடம். "இது மாநிறமா தம்பி? சரி, இருக்கட்டும். வீட்டோட அடங்கி இருந்தா போதும்."

நான் சிரித்துவைத்தேன்.

உள்ளே அக்கா பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கடைசியாக ஒரு தடவை அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்ள நினைத்திருப்பாள்.

"ஹரி, இங்க வாடா."

போனேன். அறை முழுக்க மண்ணெண்ணெய் நெடி. பெட்டிக்குள் துணிகளின் மேல் கரி உதிர்ந்திருந்தது. அக்கா கவரிலிருந்து எடுத்த படத்தைப் பிடித்திருந்தாள். அவள் விரல்களும் கறுப்பாகியிருந்தன.

"புதன்கிழமை நீ குடுத்தப்ப இதுல ஒருத்தர்தானே இருந்தாரு?"

நான் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"யாருடா இது, பக்கத்துல?"

"தெரியலக்கா."

"நீ எப்பப் பாத்தே?"

"இப்பத்தான். இப்பத்தான் மொதல்ல பாக்குறேன்."

அவள் காப்பித் தட்டை எடுக்கவில்லை. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், உத்தமனின் முன்னால் நீட்டினாள்.

"பக்கத்துல நிக்கிறது யாருங்க?"

உத்தமன் வாங்கிப் பார்த்தார். உதட்டோர நுரை அப்படியே நின்றது. அவர் இடது கை தன்பாட்டுக்கு விறைத்து, முழங்கை மடிப்பில் யாரோ கோத்துக்கொண்டதுபோல் உடம்போடு ஒட்டியது. அதை விலக்க அவர் உதறினார். உதறவே முடியவில்லை.

"அழிச்சாச்சுன்னு சொன்னியேடா," என்றார் என்னைப் பார்த்து.

சொர்ணம் மகன் கையிலிருந்து படத்தைப் பறித்தார். ஒரே ஒரு கணம் பார்த்திருப்பார்.

"ஸ்டவ் வெடிச்சா அதுக்கு என் புள்ள என்னம்மா பண்ணுவான்?" என்று கத்தினார். "போலீஸே விட்டுட்டான்! நீ யாரு கேக்குறதுக்கு?"

தெருவில் தண்ணீர் லாரி போகும் சத்தம் கேட்டது.

"ஸ்டவ்வைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள் அக்கா. "டைவர்ஸ்னுதானே சொன்னீங்க?"

உத்தமன் எழுந்து வாசலுக்குப் போனார். போகும்போதும் இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். சொர்ணம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கீழே கிடந்த படத்தை அக்கா எடுத்தாள். பூத்தட்டைக் கொண்டுபோய் வெளியே வைத்தாள். பிறகு தொட்டியை, டம்ளர்களை, தரையை என்று எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தேய்த்துக் கழுவினாள். படத்தை அவள் எரிக்கவில்லை. "அவளை இன்னொரு தடவை எரிக்கணுமாடா?" என்றாள். கற்பூரம்கூட ஏற்றாமல் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, அல்சூர் ஏரியில் கொண்டுபோய் விட்டாள்.

மறுநாளே நான் வேலையை விட்டேன். அக்கா அடுத்த வருடம் தன் கார்மெண்ட்ஸிலேயே கட்டிங் பார்க்கும் பெருமாள்சாமியைத் தானாகப் பார்த்துப் பேசிக் கட்டிக்கொண்டாள். யாரும் அவள் படத்தைக் கேட்கவில்லை, யாரும் வெளுக்கவும் இல்லை. சனிக்கிழமையே எனக்கு எல்லாம் தெரியும் என்பதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

2007-இல் எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி சுனிதா. ரிசப்ஷனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோட்டுப் போட்டேன். போட்டோக்காரர் சி.டி.யில் தந்த படங்கள் இ-மெயிலில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தன. வேறு சாஃப்ட்வேர் தேடச் சோம்பல்பட்டு, பழைய சி.டி.யிலிருந்து என் புரோகிராமை எடுத்தேன். நானூறு புள்ளி அகலம் என்று தட்டினேன். ஓடி முடிந்தது. வரிகளை நான் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகல். அக்கா வந்திருந்தாள். சுனிதா சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் படத்தைத் திரையில் திறந்து காட்டினேன். அக்கா சிரித்துக்கொண்டே குனிந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க, ஏதோ மண்ணெண்ணெ வாசனை வரல?" என்றாள் சுனிதா உள்ளிருந்து.

"ஹரி," என்றாள் அக்கா மெதுவாக. "சுனிதா உன் இந்தப் பக்கம் நிக்கிறா. அந்தப் பக்கம் யாருடா?"

பார்த்தேன். என் வலது கையின் மடிப்பில், கறுத்துச் சுருங்கிய நான்கு விரல்கள்.

"இது அன்னிக்கு வந்தவதானே?" அக்காவின் குரலில் பயம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அன்னிக்குத்தான் மொதமொதலா பாத்தேன்னு சொன்னியேடா. அப்ப இவ ஏன் உன்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா?"

படத்துக்குப் பின்னால் கறுப்புத் திரை இன்னும் திறந்தே இருந்தது. நானூறு கேட்ட இடத்தில் நானூற்று முப்பத்தொன்று என்றிருந்தது. என் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன, கீபோர்டை யாரும் தொடவில்லை. அதற்குக் கீழே அடுத்த வரி தானாக எழுதிக்கொண்டது.

நானூற்று நாற்பது.